இணையவழிப் பொருளாதாரப் படிப்புக்கு எம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாமா?

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் கொழும்பில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இரசாயனப் பசளை இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்பதே அது. மே மாதம் அது சட்டமாகியது, நவம்பரில் கைவிடப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் வயல் மஞ்சளானதை உங்களுக்கு நாம் எழுதிக் காட்டத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் இரு போகங்களிலும் நாட்டின் நெல் விளைச்சல் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாக, முந்திய ஆண்டிலும் 42 வீதம் குறைந்துபோனதாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன.

இந்த முடிவை எடுத்த மேசையைச் சுற்றி இருந்தவர்களுள் எத்தனை பேர் வரம்பில் நடந்தவர்கள் என்ற கேள்வி அந்நாட்களில் எமது கூட்டங்களிலெல்லாம் எழுந்தது. அப்படியானால் வரம்பில் நடந்தவர்களின் பிள்ளைகள் அந்த மேசைக்குப் போக என்ன வழி? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதே. ஆனால் பெரிய வார்த்தைகளில் அல்ல, விண்ணப்பப் படிவம், பிறப்புச் சான்றிதழ், டொலர்க் கணக்கு என்ற சின்ன விடயங்களில் அதைப் பார்க்க விரும்புகிறோம். ஏனெனில் எம் பிள்ளைகள் தடக்கி விழுவது அங்கேதான்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறி, நலன்புரி முகாமிலும் பின்னர் குத்தகைக் காணியிலுமாக வாழ்ந்துவரும் ஒரு குடும்பத்தின் மகள் 2021இன் கடைசியில் எமது நிலையத்துக்கு வந்தார். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்த தகப்பனுக்கு 1998இல் முகாமிலே பிறந்த பிள்ளை. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசியில் எதையோ காட்டி, "ஐயா, இது உண்மையோ, இல்லாட்டி காசு பிடுங்குற வேலையோ?" என்று கேட்டார்.

காசு பிடுங்குகிற வேலைகள் நிறைய உண்டு என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதே. அவர் காட்டியது உண்மையானதாக இருந்தது.

எந்தப் படிப்பு?

பொருளாதாரக் கொள்கையில் பட்டப்பின் டிப்ளோமாக்களை இணையவழியாக நடத்தும் பல்கலைக்கழகங்கள் இன்று பல. வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதும் முறை எமக்குப் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரியாகப் பரீட்சை எழுத இடங்கொடுத்து வந்திருக்கிறது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியிலே எம் மூத்தோர் எழுதியதும் அந்த இலண்டன் பரீட்சைகளைத்தான். அதே பல்கலைக்கழகம் பொருளியலில் பட்டதாரி டிப்ளோமா ஒன்றைத் தொலைவழியில் இன்றும் நடத்துகிறது. ஆனால் அதற்கு முதலில் ஒரு பட்டம் கையில் இருக்கவேண்டும். இத்தகைய டிப்ளோமாக்களில் பெரும்பாலானவற்றின் வாசலில் நிற்கும் காவற்காரன் இந்த நிபந்தனைதான்.

அந்தப் பிள்ளை கண்டுபிடித்து வந்ததில் இந்தக் காவற்காரன் இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம், சுருக்கமாக எம்.ஐ.ரி., 2017 பெப்ரவரியில் தொடங்கிய ஐந்து பாடத் திட்டம் அது. அபிவிருத்திக் கொள்கையும் தரவும் பொருளியலும் சேர்ந்தது. 'மைக்ரோமாஸ்டர்ஸ்' என்று பெயர். இதை நடத்துவோருள் அபிஜித் பனர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2019இல் மைக்கேல் கிரேமருடன் சேர்ந்து பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். பனர்ஜி இந்தியாவில் பிறந்தவர். பாடங்களை எவரும் இலவசமாகப் பின்தொடரலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் செலுத்திக் கண்காணிப்புடன் கூடிய பரீட்சை எழுதவேண்டும். கட்டணமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. தொடங்கிய காலத்தில் வருமானத்தைப் பொறுத்து ஒரு பாடத்துக்கு 100 டொலர் முதல் 1000 டொலர் வரை வைத்திருந்தார்கள். இல்லாதவரிடம் குறைவாகவும் உள்ளவரிடம் கூடுதலாகவும் வாங்குவது எமது கோயில் வரி முறையை நினைவூட்டியது!

ஐந்து பாடமும் சித்தியடைந்தவர் எம்.ஐ.ரி.யின் ஒரு முழுமையான முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் முதற்பட்டம் கட்டாயமில்லை. முதல் அணி மாணவர் 2020இல் அங்கே போய்ச் சேர்ந்தனர். ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஐந்து பாடச் சான்றிதழ் பட்டம் அன்று. அதைக் காட்டி அரசாங்கத்தில் பட்டதாரி நியமனம் கேட்க முடியாது. முதுமாணிக்கு விண்ணப்பிப்பவர்கள் உலகெங்குமிருந்து வருவார்கள், இடங்களோ மிகச் சில.

ஒரு சிறு விலகல். அந்த நிறுவகம் இருப்பது பொஸ்ரன் நகரத்துக்கு ஆற்றுக்கு அக்கரையில். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரை அனுப்பிய சங்கத்தின் தலைமையிடமும் அதே பொஸ்ரன்தான். அந்த செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். அன்று அங்கிருந்து ஆசிரியர்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள். இன்று பாடம் கம்பியில்லாமல் வருகிறது. ஆனால் மின்சாரம் இருந்தால்தான் வரும். அதைப் பின்னர் சொல்கிறோம்.

பெயரில் வந்த இடைஞ்சல்

விண்ணப்பத்தின் முதலாவது கேள்வியே பெயர். அங்கே 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. பிள்ளை ஒரு தடவை தகப்பன் பெயரை முன்னுக்கும் இன்னொரு தடவை பின்னுக்கும் போட்டார். கணக்கு இரண்டாகிவிட்டது. பரீட்சையின்போது அடையாள அட்டையைக் கமராவுக்குக் காட்டவேண்டும், அதிலுள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது விதி. அவரிடம் இருந்ததோ ஆங்கில எழுத்தே இல்லாத பழைய அடையாள அட்டை. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாடசாலைச் சான்றிதழில் இன்னோர் எழுத்து.

ஆங்கிலத்தில் பெயர் உள்ள ஆவணம் கடவுச்சீட்டுத்தான் என்று முடிவாகி, 2022இன் தொடக்கத்தில் வவுனியாவுக்கு இரண்டு தடவை போய்வந்தார். நாட்டை விட்டுப் போவதற்காக வரிசையில் நின்றவர்களிடையே, நாட்டிலேயே இருந்து படிப்பதற்காகக் கடவுச்சீட்டு எடுக்க நின்றவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

ஆகவே பெற்றோருக்கு எமது வேண்டுகோள் இது. பிள்ளை படிப்பதற்கு முந்தியே இந்தக் கடதாசிகளைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவகத்தில் பிரதி கேட்கலாம். யுத்தத்தில் பதிவேடே அழிந்துபோன இடங்களில் பிறந்தவர்களுக்கு வயதை அனுமானித்து வழங்கும் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். எல்லா ஆவணத்திலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அடுத்தது வருமானம். குறைந்த கட்டணம் கேட்பவர் தன் வீட்டு வருமானத்தை எழுத்தில் காட்டவேண்டும். சம்பளத் துண்டு உள்ளவருக்கு இது ஐந்து நிமிட வேலை. குத்தகைத் தோட்டக்காரனின் வருமானம் என்ன? வெங்காயம் நல்ல விலை போன ஆண்டா, அழுகிப்போன ஆண்டா? அடகு வைத்த தாலிக்கொடிக்குக் கட்டிய வட்டியைக் கழிப்பதா, விடுவதா? விதானையாரும் முதலில் தலையைச் சொறிந்தார். பின்னர் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். பிரதேச செயலாளர் மேலொப்பம் வைத்தார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் அதை ஆங்கிலமாக்கி அனுப்பினோம். சில வாரங்களில் மிகக் குறைந்த கட்டணப் படி அவருக்குக் கிடைத்தது.

அது கிடைத்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. நூறு டொலர் கட்டவென்று 20,000 ரூபா சேர்த்து வைத்தவருக்கு அது 36,000 ஆகியது. ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. பொருளாதாரக் கொள்கை என்றால் என்னவென்று முதலாவது பாடத்தை அவர் புத்தகத்தைத் திறக்காமலே கற்றுக்கொண்டார். வங்கி அட்டையால் வெளிநாட்டுக்குப் பணம் செலுத்த அனுமதி பெறுவதும் தனிக் கதை. முடிவில் வெளிநாட்டிலிருக்கும் பெரியம்மாவின் மகன் அங்கிருந்து கட்டினார். அந்தக் காசு இன்னும் கடனாகவே இருக்கிறது.

என்னதான் கற்பிக்கிறார்கள்?

முதலில் எடுத்த பாடம் உலக வறுமையைப் பற்றியது. ஒவ்வொரு மாலையும் நிலையத்தின் கணினியில் பார்த்துவிட்டு, பார்த்ததை எமக்கும் சொல்வார். அதிலும் அந்த ஆசிரியர்களின் ஆய்வுகளிலும் நாம் அறிந்த சிலவற்றை இங்கே பகிர்கிறோம்.

இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் உதய்ப்பூரைச் சுற்றிய 134 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுமையாகப் போடப்படவில்லை. தாய்மார் அறியாமையால் மறுக்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒழுங்காக நடக்கும் தடுப்பூசி முகாமை ஊருக்கே கொண்டுபோன இடத்தில் முழுமையாகப் போட்ட குழந்தைகள் 18 வீதம். எதுவும் செய்யாத ஊர்களில் 6 வீதம். முகாமோடு ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ பருப்பும், முடித்தவருக்குச் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த இடத்தில் 39 வீதம். தாய்மார் மறுக்கவில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டார்கள், அவ்வளவே.

எமது விவசாயிகளை அதிகம் கவர்ந்தது மேற்குக் கென்யா ஆய்வு. பசளை போட்டால் இலாபம் என்று தெரிந்திருந்தும் அங்குள்ள சோளச் செய்கையாளர் பலர் வாங்குவதில்லை. ஏன்? அறுவடையில் காசு கையில் இருக்கும்போது பசளைக்கு அவசரமில்லை. பசளை போடும் காலம் வரும்போது காசு இல்லை. அறுவடை முடிந்த கையோடு, வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம், இப்போதே பதியுங்கள் என்று கேட்டபோது வாங்குவோர் தொகை குறிப்பிடத்தக்க அளவு கூடியது. இதைக் கேட்ட ஒரு பெரியவர், "இதைக் கண்டுபிடிக்க நோபல் பரிசோ? என்ரை மனிசி முப்பது வருசமா இதைத்தானே சொல்லுறா" என்றார். கூட்டம் சிரித்தது. ஆனாலும் அந்த மனைவி சொன்னதை அரசாங்கம் கேட்கவில்லை. எண்ணிக் காட்டினால் கேட்கும். அதுதான் இப்படிப்பின் பயன் என்று நாம் கருதுகிறோம்.

எமது நாட்டிலும் இத்தகைய ஆய்வொன்று நடந்திருக்கிறது. சுனாமிக்குப் பின்னர், 2005இல் தொடங்கி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்வோருக்குக் குலுக்கல் முறையில் 10,000 ரூபா அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவி கொடுத்து, பின்னால் நடந்ததை ஆய்வாளர் கவனித்தனர். கொடுத்த முதலுக்கு மாதத்துக்கு ஏறத்தாழ ஐந்து வீத வருவாய். எந்த வங்கி வட்டியையும் விட அது கூட. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, ஆண்களின் தொழிலில் வருமானம் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாகக் கூடவேயில்லை. யுத்தத்தின் பின்னர் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுத்த எம்மைப் போன்ற நிறுவனங்கள் இதைப் படித்திருக்கவேண்டும். நாமும் படிக்கவில்லை. கொடுத்த இயந்திரங்களில் எத்தனை இன்று ஓடுகின்றன என்று எண்ணிப் பார்க்கவும் இல்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அந்த ஆய்வின் மூன்று மாவட்டங்களும் தெற்கிலேயே இருந்தன என்பதையும் பிள்ளை கவனித்துச் சொன்னார்.

இந்த முறையைக் குறைகூறுவோரும் உண்டு. 2015இல் அதே நோபல் பரிசைப் பெற்ற அங்கஸ் டீற்றன், ஓரிடத்தில் சரிவந்த சோதனை இன்னோரிடத்தில் சரிவரும் என்று கொள்ள முடியாது என வாதிட்டவர். எமக்கும் ஒரு குறை தெரிகிறது. பருப்புக் கொடுப்பதா விடுவதா என்று குலுக்கிப் பார்க்கலாம். முப்பது ஆண்டு வேலிக்கு அப்பால் கிடக்கும் காணியை யார் திருப்பித் தருவது என்பதைக் குலுக்கிப் பார்க்க முடியாது. இடம்பெயர்ந்தவனின் வறுமைக்குப் பெரிய காரணம் எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு கிழமைப் பாடமாகக்கூட வருவதில்லை.

ஆனால் தரவுப் பாடம் உடனடியாகவே பயன்பட்டது. 2023 ஜூலையில் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோது, சமுர்த்தி எடுத்துவந்த குடும்பங்கள் பல பட்டியலில் இல்லை. 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுத் தெரிந்தார்கள். எந்தக் கேள்விக்கு எந்த விடை எப்படிப் புள்ளியாகிறது என்பதை அந்தப் பிள்ளை வீடு வீடாக விளக்கினார். மேன்முறையீடு எழுதியவர்களுக்கு, கோபத்தை எழுதாமல் வீட்டு நிலைமையைக் கேள்விவாரியாக எழுதக் காட்டிக்கொடுத்தார்.

கணக்கும் மின்வெட்டும்

கஷ்டங்களையும் சொல்லவேண்டும். நுண்பொருளியல் பாடத்துக்கு வகையிடல் கணிதம் தெரிந்திருக்கவேண்டும். வர்த்தகப் பிரிவில் படித்தவர் அதைத் தொட்டிருக்கமாட்டார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் மூன்று மாதம் மாலையில் வந்து, காசு வாங்காமல், மாமரத்துக்குக் கீழ் கரும்பலகை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்படியிருந்தும் முதல் தடவை சித்தியடையவில்லை. இரண்டாவது தடவைதான் முடிந்தது. பாடங்கள் எல்லாம் ஆங்கிலம். ஒரு பாடத்துக்கே வாரத்தில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். வேலைக்குப் போகிறவர் இரண்டு பாடத்தை ஒன்றாக எடுக்கவேண்டாம்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்கள் உண்டு. கிழமைக்குக் கிழமை ஒப்படைக்கவேண்டிய பயிற்சிகளைப் பிள்ளை நள்ளிரவில் எழும்பிச் செய்தார். பரீட்சையன்று நிலையத்தின் பின்னறையைக் கொடுத்து, கார் பற்றரி ஒன்றையும் தயாராக வைத்தோம். அறைக்குள் வேறொருவர் முகம் தெரிந்தாலே பரீட்சை பழுதாகிவிடும் என்றபடியால் போதகர் ஐயா வாசலில் கதிரை போட்டு இருந்தார். அன்று மின்சாரம் ஒருதரம்கூடப் போகவில்லை. ஆனால் பக்கத்து வளவுக் கல்யாணவீட்டு ஒலிபெருக்கியை நிறுத்துவிக்கத்தான் ஐயா எழும்பி ஓடவேண்டியிருந்தது.

இன்றைக்கு அவர் மூன்று பாடம் முடித்திருக்கிறார். இரண்டு மிச்சம். முதுமாணிக்கு விண்ணப்பிப்பாரா என்று கேட்டால், அதற்கிடையில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் ஒரு பட்டத்துக்கும் பதியப் போவதாகச் சொல்கிறார். அது புத்தியான யோசனை. 1980இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் இங்கே அரசாங்க வேலைக்கும் செல்லும். ஒரே வாசலில் தவம் கிடக்கவேண்டியதில்லை.

விருப்பமுள்ள பிள்ளைகள் முதலில் இலவசமாகப் பாடத்தைப் பார்க்கட்டும். ஒரு மாதம் தொடர்ந்து பார்க்க முடிந்தால் மட்டும் காசைப் பற்றி யோசிக்கலாம். எவருக்கும் முற்பணம் கொடுக்கவேண்டாம். இடைத்தரகர் இதற்குத் தேவையில்லை. படிவத்தை நிரப்பித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிய ஒருவரைப் பற்றி எமக்கு முறைப்பாடு வந்திருக்கிறது. படிவம் நிரப்பவும், விதானையாரின் சான்றிதழுக்கு எழுதவும் எமது நிலையத்தில் உதவுவோம். வரும்போது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, க.பொ.த. பெறுபேறு ஆகியவற்றின் மூலப்பிரதிகளைக் கொண்டுவாருங்கள்.

சென்ற மாதம் அந்தத் தகப்பனைத் தோட்டத்தில் கண்டோம். வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார். இறக்குமதி வெங்காயத்தின் வரியை அறுவடைக் காலத்தில் குறைத்துவிட்டு, எல்லாம் விற்று முடிந்தபிறகு கூட்டுகிறார்கள் என்பது அவரது நெடுநாள் முறைப்பாடு. "பிள்ளை, அந்த வரியை எப்ப போடுவாங்கள் எப்ப எடுப்பாங்கள் எண்டு உங்கடை படிப்பிலை சொல்லித் தாறாங்களோ?" என்று மகளைக் கேட்டார்.

"இல்லையப்பா," என்றார் மகள். "ஆனால் போன பத்து வருசமும் எந்தெந்தத் திகதியிலை மாத்தினவங்கள் எண்டு வர்த்தமானியளைப் பாத்து எழுதிக்கொண்டு வாறன். நீங்கள் கிண்டின திகதியளைச் சொல்லுங்கோ."

தகப்பன் மண்வெட்டியை வைத்துவிட்டு, பழைய கணக்குக் கொப்பியை எடுத்துவர வீட்டுக்குள் போனார்.